அக்கா பார்த்த கற்பூரவல்லிப் பூ

எங்கள் அக்கா இறைவனில் இளைப்பாறி ஓராண்டாகிறது. இந்த நினைவு மலர்ப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் பலரும் அவரிடம் கற்பூரவல்லி இலை வாங்கியவர்கள்தாம். ஆகவே அந்தச் செடியைப் பற்றியும் கொஞ்சம் எழுதுகிறேன்.

அக்கா செடெனாக் ஊருக்கு அருகே ஒரு தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தார். அம்மா மறைந்தபின் செனாய் ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, தம்பியான என்னையும் தங்கையையும் படிக்க வைத்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நாங்களும் கேட்டதில்லை. பின்னாளில் தெப்ரா நகரில் மூன்றாம் மாடி வீடொன்றில் என் குடும்பத்தோடு வாழ்ந்தார். வாசலில் ஒரு தொட்டியில் கற்பூரவல்லி. எந்த வீட்டுப் பிள்ளை இருமினாலும் கொழுந்தைக் கிள்ளிக் கொடுப்பார். பன்னிரண்டு ஆண்டுகளில் அது பூத்ததே இல்லை.

சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் தொடங்கியது; தண்ணீரையும் அளந்துதான் குடிக்க வேண்டும். ஒருநாள் வீடு திரும்பியவர் தொட்டியருகே நின்றார்.

"இதுல பூ வருமாடா தம்பி? நான் பார்த்ததே இல்லியே."

தமக்கென்று அவர் ஒன்றைக் கேட்டு நான் அறிந்ததில்லை. செடி விற்பவரிடம் விசாரித்தேன். நுனியில்தான் பூ வரும், அதைக் கிள்ளாதீர்கள். நல்ல வெயிலில் வையுங்கள். மண் காய்ந்தபிறகு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள் என்றார். அக்காவிடம் சொன்னேன்.

"எனக்கும் தண்ணி கட், அதுக்கும் கட்டா? பாவம் லா!" என்று சிரித்தார்.

எங்கள் வாசலில் வெயில் விழாது. பாக்சிக் என்று நாங்கள் அழைக்கும் தரைத்தள வீட்டு மலாய்ப் பெரியவர், தொட்டியைத் தம் வீட்டுப் பின்புறத்தில் வைத்துக்கொண்டார்.

சில வாரங்கள் கழித்து எதிர்வீட்டுப் பெண் வந்தார். "அக்கா, பாப்பாவுக்கு நேத்துலேர்ந்து இருமல். ரெண்டு இலை கிடைக்குமா?"

நான் முந்திக்கொண்டு, "இப்ப பறிக்க முடியாதும்மா" என்றேன்.

அவர் போனதும் அக்கா சாப்பாட்டைத் தள்ளி வைத்தார். "பிள்ள இருமிக்கிட்டு கிடக்குது. எனக்கு எதுக்குடா பூ?"

வெட்கத்தோடு கீழே இறங்கினேன். நுனிகளைத் தொடாமல், அடித்தண்டின் முற்றிய இலைகளைப் பறித்து, அந்த வீட்டில் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அதன்பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் அப்படியே பறித்துக் கொடுத்தோம்.

அக்கா படுக்கையோடு ஆன பிறகு, ஒரு காலையில் பாக்சிக் தொட்டியை அணைத்துக்கொண்டு மூன்று மாடியும் ஏறி வந்தார். நுனியில் ஒரு கதிர். அதில் வெளிர் ஊதாப் பூக்கள்.

"அலமாக், இத்துணூண்டு பூவா! இதுக்கா இவ்ளோ பாடு?" என்றார் அக்கா. ஆனால் மாலைவரை அதிலிருந்து கண்ணெடுக்கவில்லை. எதிர்வீட்டுப் பாப்பாவையும் வரவழைத்துக் காட்டினார். எட்டாம் நாள் அமைதியாக விடைபெற்றார்.

பாக்சிக்குக்கும், டயாலிசிஸ் நிலையத் தாதியருக்கும், கடைசி வாரங்களில் அக்காவைக் குளிப்பாட்டி உடுத்திவிட்ட என் மனைவிக்கும், செபிக்க வந்த அனைவருக்கும் எங்கள் நன்றி. அக்காவுக்கு நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அப்படிப் பேசிப் பழக்கமில்லை. உங்கள் எல்லார் முன்னிலும் இங்கே சொல்லிக்கொள்கிறேன்: நன்றி, அக்கா.