வெறுந்தரையில் போட்ட கோடு

நான் பயந்தவள். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, வெட்கப்பட்டும் சொல்லவில்லை. சிட்னியில் ஒரு சிறிய கம்பனியில் வரைபடம் போடுகிறேன். எரிமலைத் தீவுகளின் கரையோரம் எங்கே வெந்நீர் ஊறுகிறது, எங்கே நிலத்துக்குள்ளிருந்து நீராவி வருகிறது என்று அளந்து, அந்தச் சூட்டில் மின்சாரம் எடுக்கலாமா என்று பார்ப்பது எங்கள் வேலை. கிரவீனில் எங்கள் வீட்டுக்கு வரும் அன்ரிமாருக்கு இதை விளங்கப்படுத்தி நான் களைத்துவிட்டேன். "கன்னியா வெந்நீர்க் கிணறு மாதிரியோ பிள்ளை? குளிக்கலாமோ?" என்று கேட்பார்கள். "ஓம் அன்ரி, ஒருதரம் குளிக்கலாம்" என்பேன். அவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது.

அந்தக் கரைகளில் நிலத்தை நம்ப முடியாது. பார்க்கக் காய்ந்த மண்தான். ஆனால் அது ஒரு சாண் தடிப்புள்ள பொருக்காக இருக்கலாம், அதற்குக் கீழே சேறு கொதித்துக்கொண்டிருக்கலாம். அதனால் யாரும் தன் இஷ்டத்துக்கு நடப்பதில்லை. வெயில் ஏறிப் பாறையைச் சூடாக்குவதற்கு முன்பே, விடியும் நேரத்தில், வெப்பக் கமரா பூட்டிய ட்ரோனைப் பறக்கவிடுவோம். அந்தப் படத்தைப் பார்த்து, மறுநாள் எங்கே நடப்பது என்று டேப்லெட்டில் நான் ஒரு நீலக் கோடு போடுவேன். இன்னொருவர் அதைச் சரிபார்க்க வேண்டும். பிறகு எல்லோரும் அந்தக் கோட்டிலேயே நடப்போம். என் கோட்டில் நடந்த எவருக்கும் அதுவரை ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை. "இவளைப்போல் கவனமானவள் இல்லை" என்று மனேஜர் கூட்டங்களில் சொல்வார். கவனமும் மண்ணாங்கட்டியும். பயம், அவ்வளவுதான்.

போன வருடம் பப்புவா நியூகினிக்கு அப்பால் ஒரு தீவுக்கு என்னையும் மெல்பேர்ன் கிளையில் வேலை செய்யும் ஒரு பொறியியலாளரையும் அனுப்பினார்கள். கோயம்புத்தூர்க்காரன், முப்பத்தைந்து வயது, ரோவிலில் மனைவியோடு இருக்கிறான். என்னை அக்கா என்பான். அலுவலகத்தில் எங்கள் இருவருக்கும்தான் தமிழ் தெரியும் என்பதால், மற்றவர்களைப் பற்றிய எங்கள் அபிப்பிராயங்களை அவர்கள் முன்னாலேயே பரிமாறிக்கொள்வோம். தீவில் எங்களோடு ஒரு படகுக்காரர். அந்த ஊர் மனிதர், அதிகம் பேச மாட்டார், எந்நேரமும் ஒரு நீல ரப்பர்ச் செருப்போடு திரிவார்.

ஐந்து கடற்கரைகள் அளக்க வேண்டும். இரண்டை முடித்துவிட்டோம். நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. இரவில் கூடாரத்துக்குக் கீழே நிலம் முணுமுணுப்பது கேட்கும். கந்தக மணம் தலைமயிரில், சோற்றில், தண்ணீர்ப் போத்தலில் எல்லாம் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு காலையும் படகிலிருந்து இறங்குமுன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிற்பேன். அவனுக்கு அப்படி ஒன்றும் இல்லை. "அக்கா, நீங்க கோடு போட்டிருக்கீங்க, அப்புறம் என்ன பயம்?" என்பான்.

மூன்றாவது கரையில் ட்ரோன் பறந்த விடியலில் மழை பெய்திருந்தது. மழை நிலத்தின் மேல்தோலைக் குளிர்த்திவிடும். படத்தில் சூடும் குளிரும் ஒன்றாய்க் குழம்பிக் கிடந்தன. படகை விட்டு இறங்கி நீராவி வரும் இடத்துக்குப் போக இரண்டு வழி. ஒன்று, வெளிர்சாம்பல் நிறத்தில் புல்பூண்டு இல்லாத வெறுந்தரை. மற்றது, அதற்கு இடப்பக்கம் முழங்கால் உயரத்துக்குப் புல்லும் பற்றையும். நான் வெறுந்தரையில் கோடு போட்டேன். ஏன் என்று என்னை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. டேப்லெட்டை அவனிடம் நீட்டினேன். அவன் மீன்டின்னைத் திறந்துகொண்டிருந்தான்.

"ஒருக்காப் பாருங்கோ தம்பி."

"நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும்க்கா" என்று திறந்தும் பார்க்காமல் விரலால் ஒரு தட்டுத் தட்டிச் சரி என்று அனுப்பிவிட்டான்.

மறுநாள் காலை, கடல் வற்றியிருந்த நேரத்தில் இறங்கினோம். அவன் முன்னால், நான் பத்தடி பின்னால். கையில் இருந்த கம்பால் ஒவ்வொரு அடிக்கும் நிலத்தைக் குத்திப் பார்த்துப் பார்த்துத்தான் போனான். கம்பை நிலம் தாங்கியது. ஆளைத் தாங்கவில்லை. அப்பளம் நொறுங்குவது போல ஒரு சின்னச் சத்தம். அவனுடைய வலது கால் முழங்கால் வரை உள்ளே போனது.

"அம்மா!" என்று கத்தினான். பிறகு, "அக்கா! அக்கா!" என்று கத்தினான்.

இதைத்தான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. அவனிடம் எந்தப் பக்கத்தால் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். செடி வேர் விட்டிருக்கும் இடத்தில் சூடு குறைவு, வேர் மண்ணையும் பிடித்திருக்கும். சந்தேகம் வந்தால் செடி இருக்கும் பக்கம் போ, புல் முளைக்காத வெளிறிய தரையை விட்டு விலகு. புதிதாகச் சேருபவர்களுக்கு இதைப் படம் போட்டுக் காட்டுவதே நான்தான். புல் என் இடது காலுக்கு ஒரு எட்டில் இருந்தது. நான் அங்கே கால் வைக்கவில்லை. வைக்க முடியவில்லை. கால் என் சொல் கேட்கவில்லை. அவன் வயிற்றால் படுத்துக் கைகளால் மண்ணை விறாண்டிக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் நின்றேன்.

படகுக்காரர் எங்கிருந்து வந்தார் என்று தெரியாது. ரப்பர்ச் செருப்போடு அந்தப் புல்லுக்குள்ளால் ஓடினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெடிக்கும் என்று காத்திருந்தேன். வெடி என்ற சொல் அந்தக் கணத்தில்தான் எனக்குள் வந்தது. ஒன்றும் வெடிக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அவனுடைய இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து அவர் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தார்.

எரிமலைக் கரையில் புல்லுக்குள் கண்ணிவெடி இருக்கும் என்று பயந்து நிற்பவளை உலகத்தில் வேறு எங்கே தேடுவது? நான் வன்னியில் பிறந்தவள். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி ஊருக்கு வந்தபோது எனக்குப் பதினொரு வயது. வந்த மூன்றாம் நாள் எங்கள் கண் முன்னால் ஒரு பசுமாடு பாதையை விட்டுப் புல்லுக்குள் இறங்கியது. அதற்குப் பிறகு அங்கே மாடு இருக்கவில்லை. அம்மா என் காதைப் பிடித்துத் திருகி, "புல்லு முளைச்ச இடத்தில கால் வைச்சியெண்டா காலை நானே முறிப்பன். சனம் நடந்து தேஞ்ச வெறுந்தரையில மட்டும் நட" என்றார். நடந்தேன். பள்ளிக்கூடத்துக்கு, கிணற்றடிக்கு, கோயிலுக்கு, வருடக்கணக்காக அப்படித்தான் நடந்தேன். அதனால்தான் உயிரோடு இருக்கிறேன்.

அவனுடைய சப்பாத்தை வெட்டி எடுத்தோம். என்ன பார்த்தேன் என்று எழுத மாட்டேன். அந்தக் கரையில் கடல் தண்ணீரே சூடு, ஆகையால் படகில் இருந்த குடிதண்ணீர் முழுவதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் காலில் ஊற்றினோம். விமானம் இறங்கும் இடத்துக்குப் படகில் நான்கு மணி நேரம். அவன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். வழி முழுவதும் என் பற்கள் அடித்துக்கொண்டன. அவன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான்.

சிட்னிக்குத் திரும்பியதும் மனேஜர் என்னை அழைத்து, மழையால் படம் பொய் காட்டிவிட்டது, உன் பிழை இல்லை, அறிக்கையை அப்படியே எழுதிக் கொடு என்றார். எழுதிக் கொடுத்தேன். அன்று பின்னேரம் எல்லோரும் போன பிறகு என் பழைய வரைபடங்களைத் திறந்தேன். ஒவ்வொன்றாக, ஏழு வருடத்து வரைபடங்கள். புல்லும் வெறுந்தரையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்த இடமெல்லாம் என் நீலக் கோடு வெறுந்தரையில் போனது. ஒரு இடத்திலாவது புல்லில் போகாதா என்று தேடினேன். இத்தனை வருடம் ஒருவரும் உள்ளே போகாதது என் கவனத்தால் அல்ல, வெறும் அதிர்ஷ்டத்தால். நான் பயத்தை என் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது பிழையான நிலத்தில் படித்த பயம்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தீவில் மிச்சமிருந்த இரண்டு கரைகளுக்கும் நான் முன்கூட்டியே ட்ரோன் படம் எடுத்துக் கோடு போட்டு வைத்திருந்தேன். இன்னொரு குழு அந்தக் கோட்டில் நடக்கப்போகிறது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் சொல்வதென்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் நான் எங்கிருந்து வந்தேன் என்று கேட்டால் "ஸ்ட்ராத்ஃபீல்டில் படித்தேன்" என்று சொல்லி முடித்துவிடுகிறவள் நான். சொன்னால் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள், மனநல ஆலோசகரிடம் அனுப்புவார்கள், வரைபடத்தைப் பறித்துவிடுவார்கள். என்னிடம் வேறு என்ன இருக்கிறது? கணவரிடமும் மூச்சு விடவில்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்கு, நாளைக்கு என்று ஆறு வாரம் ஓடிவிட்டது. கடைசியில், திங்கட்கிழமை குழு புறப்படுகிறது என்ற நிலையில், சனிக்கிழமை விமானம் ஏறி மெல்பேர்ன் போனேன். முதலில் அவனிடம் சொல்வதுதான் முறை என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அதுவும் மனேஜரைத் தள்ளிப்போட ஒரு சாட்டுத்தான்.

ரோவிலில் அவனுடைய மனைவி கதவைத் திறந்தாள். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியது. "நீங்க இல்லன்னா என்ன ஆயிருக்கும்னு நினைக்கவே முடியலக்கா. சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றாள். மரியாதைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் குசினிக்குள் போனதும் நான் முன்னறையில் அவன் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தேன். தொடையிலிருந்து தோல் எடுத்துக் காலில் வைத்துத் தைத்திருந்தார்கள். காலைத் தலையணை மேல் நீட்டி வைத்திருந்தான்.

சொன்னேன். மாடு, அம்மா, புல், ஏழு வருடத்துக் கோடுகள். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அப்ப, நான் கத்தினப்ப நீங்க வராதது?" என்று கேட்டான்.

"அதுவும் அதாலதான்."

"ஆறு வாரமா அதை மட்டும்தான்க்கா யோசிச்சிட்டிருக்கேன். கால் வெந்ததைக்கூட நினைக்கல. அக்கா ஏன் சும்மா நின்னாங்க, அவங்களுக்கு நான் என்ன பண்ணினேன்னு" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "இவகிட்ட நீங்கதான் என்னை இழுத்து எடுத்தீங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். உண்மையைச் சொன்னா உங்களை இந்த வீட்டுப் படி ஏற விடமாட்டா. அப்படியே இருக்கட்டும்" என்றான்.

எனக்கு அழுகை வந்தது. இவன் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறான், அந்தப் பொய்க்காக உள்ளே ஒருத்தி எனக்கு மீன்குழம்பு வைத்துக்கொண்டிருக்கிறாள். இதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து குசினி வாசலுக்குப் போனேன்.

"நான் இவரை இழுக்கேல்ல. நான் பயந்துபோய் நிண்டனான். இழுத்தது படகுக்காரர். அந்தக் கோட்டைப் போட்டதும் நான்தான், பிழையாப் போட்டனான்" என்றேன். மற்றதையும் சொன்னேன். அவள் கையில் கரண்டியோடு கேட்டாள். முகம் மாறிக்கொண்டே போனது. அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மத்த கோடெல்லாம்?" என்று கேட்டாள்.

"அதுகளும் அப்பிடித்தான்."

"அதுல யாராவது நடக்கப் போறாங்களா?"

"திங்கட்கிழமை நாலு பேர் வெளிக்கிடீனம்."

"இது உங்க ஆபீஸுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லேல்ல."

"இன்னிக்குச் சனிக்கிழமை" என்றாள். "தெரிஞ்சு ஆறு வாரமாச்சு. அவங்களுக்குச் சொல்லாம இங்க வந்து எங்ககிட்ட அழுதுட்டிருக்கீங்க. போனை எடுங்க."

"சொல்லிப்போட்டு வேலையை..."

"போனை எடுங்கக்கா."

எடுத்தேன். இரண்டு தரம் பிழையான பெயரை அழுத்தினேன். மூன்றாம் தரம் மணி அடித்தது. அவள் அடுப்பை நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். முன்னறையிலிருந்து அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான், அவள் திரும்பவில்லை. மனேஜர் எடுத்து, சனிக்கிழமையில் என்ன விஷயம் என்று கேட்டார். எனக்கு எட்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளிடம்கூட நான் சொல்லாத கதையை, திங்கட்கிழமை புறப்பட இருந்த நாலு பேருக்காக, அந்த மனிதரிடம் ஆங்கிலத்தில் மாட்டிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.