சனிக்கிழமை எடை

எங்கள் வீட்டில் சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு வேலைகள் தவறாமல் நடக்கும். முதலில் என் மகளை எடை பார்ப்பது. பிறகு அவளை மாதா கோயிலுக்கு, சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய அழைத்துப்போவது. எடை மெஷினில் முள் ஏறியிருந்தால் சாமியாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை வழியிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவேன். "போசனப்பிரியம்னு, பெருந்தீனி தின்னேன்னு சொல்லு. எத்தனை தரம்னு கேட்டா எண்ணிச் சொல்லு."

அப்போது அவளுக்குப் பதினோரு வயது.

வார நாட்களில் நான் அரசு அலுவலகத்தில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமைகளில் புதுச்சேரி சாரத்தில் எங்கள் பங்குக் கோயில் பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பு எடுப்பேன். தலையான பாவங்கள் ஏழையும் தலைகீழாகக் கேட்டாலும் என் வகுப்புப் பிள்ளைகள் சொல்வார்கள். ஃபைலானாலும் பிள்ளையானாலும் எனக்கு ஒழுங்கு வேண்டும். என் உடம்பும் அப்படித்தான், கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கை நாற்பது வயதிலும் சேர்ந்தது. அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். அந்த ஏழில் முதலாவது அகங்காரம் என்பது வகுப்பெடுத்தவளுக்கு மட்டும் உறைக்கவில்லை.

மூத்தவன் மகன். பேக்கரியில் வாங்கிய நீள ரொட்டியை வெண்ணெய் தடவி ஒருத்தனாகத் தின்றுவிட்டு, அரை மணி நேரத்தில் "வேற என்னாம்மா இருக்கு?" என்று அடுப்படிக்கு வருவான். உடம்பில் எலும்புதான் தெரியும். வளர்கிற பிள்ளை என்று இன்னும் இரண்டு தோசை வார்ப்பேன். மகளுக்கு எண்ணி இரண்டு இட்லி. தவக்காலம் வந்தால் நாற்பது நாளும் இரவில் வெறும் கஞ்சி. எனக்கு அது வசதியான காலம், ஆண்டவர் பெயரைச் சொல்லி அவள் வாயைக் கட்டலாம். ஒரே அடுப்பில் சமைத்ததைத்தான் இருவரும் சாப்பிட்டார்கள். அவன் எவ்வளவு தின்றாலும் ஒட்டவில்லை, அவளுக்குக் கஞ்சியே ஒட்டியது. இது ஏன் என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை. என் கணவர் வீட்டில் எல்லோருக்குமே கனத்த உடம்பு, அவருக்கும்தான். அது அந்த வீட்டுச் சாப்பாட்டுப் பழக்கம் என்று முடிவுகட்டியிருந்தேன்.

மகளிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. சாப்பிட்ட உடனே தட்டைக் கழுவி, துணியால் துடைத்து, அலமாரியில் வைத்துவிடுவாள். நான் சொல்லிக்கொடுக்காமலே வந்த ஒழுங்கு. மற்ற அம்மாக்களிடம் அதைப் பீற்றிக்கொள்வேன்.

இப்போது அவளுக்கு முப்பத்து நான்கு வயது. லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள், வீடும் அங்கேயே. என் கணவர் போய்ச் சேர்ந்தபின் ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் ஸ்கூட்டரில் என்னைப் பார்க்க வருவாள். "சாப்பிடுடி" என்றால், "சாப்டுட்டுதாம்மா வந்தேன்" என்பாள். தண்ணீர் மட்டும் குடிப்பாள். வருஷக்கணக்காக இதை நான் நம்பினேன். போன வருஷம் மருமகன் வெள்ளந்தியாகக் கேட்டார்: "ஏன் அத்தை, ஞாயித்துக்கிழமையானா மூணு மணிக்கு வந்துதான் பசி பசின்னு சாப்பிடறா. உங்க வீட்ல அவளுக்கு ஒண்ணும் போட மாட்டீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. யோசித்துப் பார்த்தேன். கல்யாணமானதிலிருந்து என் எதிரில் அவள் ஒரு பருக்கைகூட வாயில் வைத்து நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசைதான். அவள் என் வீட்டில், என் கண்ணெதிரே உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் பேப்பரில் ஒரு கட்டுரை படித்தேன். ஒருவருக்கு உடம்பு போடுமா என்பதில் பிறவியிலேயே வரும் மரபணுக்களுக்குப் பெரிய பங்கு உண்டாம். ஒரு மரபணு இரண்டு மரபணு இல்லை, கணக்கில்லாத சின்னச் சின்ன வித்தியாசங்கள் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கூட்டும், குறைக்கும். எல்லாவற்றையும் கூட்டி ஒரு மதிப்பெண் போடுகிறார்களாம். காபி ஆறிப்போனது. சனிக்கிழமைகள் எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. நான் ஒரு பிள்ளையை அவள் பிறப்புக்காகத் தண்டித்திருக்கிறேன்.

உடனே போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. கிளார்க் புத்தி, கையில் ஒரு தாள் வேண்டும். மதிப்பெண் அதிகம் என்று தாளில் வரட்டும், அதை நீட்டி, "பாரு, உன் மேல தப்பில்லைடி" என்று சொல்லலாம், அவளுக்கும் மனசு ஆறும் என்று திட்டம் போட்டேன். குடும்பத்தில் சர்க்கரை வியாதி இருக்கிறது, எதற்கும் பார்த்துவிடலாம் என்று பொய்க் காரணம் சொல்லி அவளைப் பரிசோதனைக்கு இழுத்துப்போனேன். குழாயில் எச்சில் துப்பித் தர வேண்டும். அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது என்றாள் லேபில் இருந்த பெண். "அது எனக்குப் பழக்கம்தான்" என்று என் மகள் சிரித்தாள். அந்தப் பெண்ணும் கூடச் சிரித்தாள்.

சில வாரங்களில் முடிவு வந்தது. சராசரி என்று போட்டிருந்தது.

அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. "சரியா பாருங்கம்மா" என்று டாக்டரம்மாவிடம் கெஞ்சினேன். அவர் பொறுமையாக விளக்கினார். இந்த மதிப்பெண் முறையைப் பெரும்பாலும் ஐரோப்பிய மக்களை வைத்து உருவாக்கியிருக்கிறார்கள், நம் ஆட்களுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. பொருந்தினாலும் அது ஒரு வாய்ப்பைத்தான் சொல்லும். அதிகம் வந்தவர் ஒல்லியாக இருக்கலாம், குறைவாக வந்தவர் பருமனாக இருக்கலாம். "இதை வச்சு ஒருத்தரோட எடைக்கு இதுதான் காரணம்னு தீர்ப்பு சொல்ல முடியாதும்மா." துரைமார் புதுச்சேரியை விட்டுக் கப்பலேறி இத்தனை காலமாகியும் அளவுகோல் இன்னும் அவர்களுடையதுதானா என்று எரிச்சலாக வந்தது. உண்மையில் எரிச்சல் என்மேல்தான்.

அடுத்த ஞாயிறு அவளுக்குப் பிடித்த இறால் தொக்கு வைத்திருந்தேன். வழக்கம்போல, "சாப்டுட்டுதாம்மா வந்தேன்" என்றாள்.

"அந்த டெஸ்ட்டு ஒண்ணும் உருப்படியா சொல்லலையேடி" என்றேன்.

"நீ என்னா சொல்லணும்னு நெனைச்ச?"

இனி மறைக்க முடியவில்லை. "அதிகம்னு வந்திருந்தா உன்கிட்ட மன்னிப்பு கேக்கலாம்னு இருந்தேன் பாப்பா."

குரலை உயர்த்தாமல் கேட்டாள். "கம்மின்னு வந்திருந்தா, நீ செஞ்சது சரியாம்மா?"

நான் தொக்குச் சட்டியை மூடினேன்.

"எனக்குப் பசிச்சுதும்மா. அவ்ளோதான். பசிச்சதைப் போயி பாவம்னு சொன்னேன். எத்தனை தரம்னு நெஜமாவே எண்ணிட்டுப் போயி சொன்னேன்."

நான் அழுதேன். அவள் அழவில்லை. "மன்னிச்சிடுடி" என்றேன், தாளில்லாமல்தான். "சரிம்மா, விடு" என்றாள். விட்டுவிடத் தெரியாத நான், "அப்போ ஒரு வாய் சாப்பிடு" என்றேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நீ பக்கத்துல இருந்தா எனக்கு எறங்காதும்மா. கொஞ்ச நேரம் வெளிய இரு."

கேட்டுக்கு வெளியே அவள் ஸ்கூட்டர் பக்கத்தில் போய் நின்றேன். எதிர்வீட்டு அம்மா, "என்னாங்க, வெயில்ல நிக்கிறீங்க?" என்றார். காற்றுக்கு என்றேன். உள்ளே தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. என் பிள்ளை என் வீட்டில் சாப்பிடுகிறாள். கொஞ்ச நேரத்தில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் வந்தது.

நான் அடுப்படிக்குள் போனபோது தட்டு கழுவி, துடைத்து, அலமாரியில் இருந்தது. எவ்வளவு சாப்பிட்டாள் என்பதற்கு அதில் ஒரு தடயமும் இல்லை. பதினோரு வயதில் அவள் எதற்காக அந்த ஒழுங்கைக் கற்றுக்கொண்டாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

புரிந்தும் என்ன? என் கை தானாகப் போய்த் தொக்குச் சட்டியின் மூடியைத் தூக்கியது, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்க.

ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றிருந்த மகள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரேம்மா" என்றாள்.