தம்பிக்குப் போட்ட சால்வை

எனக்கு வயது எழுபத்தாறு. வளர்த்தது ஐந்து பேரை. பெற்றது நாலு, ஐந்தாவது என் தம்பி. எங்கள் அம்மா போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு மூன்று வயது நிறையவில்லை. மங்கலம்பேட்டையிலிருந்து அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு கடலூர் பஸ் ஏறினவள் நான். செம்மண்டலத்தில் என் வீட்டுச் சோற்றைத் தின்றுதான் ஆளானான். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ்ஸில் ஊர்ப் பெயரைக் கூட்டிப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் நான் வளர்த்த ஐந்தில் ஒன்றுகூட அடுத்தவர் வாசலில் போய்க் கையேந்தி நின்றதில்லை. இதை நான் சொல்லச் சொல்ல என் மகள் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள்.

தம்பி சிதம்பரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்தான். ஊருக்கு வெளியே நெல் வயலாக இருந்த இடத்தில் மனை போட்டார்கள். அங்கே அவன் வீடு கட்டினான். அவன் சொல்லித்தான் என் மகளும் மாப்பிள்ளையும் அதே நகரில், அடுத்த தெருவில் கட்டினார்கள். அந்த நகருக்கு ஒரு சங்கம் உண்டு. போர் தண்ணீர், மேல்தொட்டி, தெருவிளக்கு, பிள்ளையார் கோயில் எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. மூன்று வருடத்துக்கு ஒரு தரம் எல்லாரும் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுப்பது என்று அவர்களாகவே முடிவு செய்து நடத்திவந்தார்கள்.

ஒரு ஐப்பசியில் வெள்ளம் வந்தது. வயலாக இருந்த இடம்தானே, தண்ணீருக்குத் தன் வீடு மறக்கவில்லை. அப்போது தலைவராக இருந்தவர் பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போனார், திரும்பவே இல்லை. என் தம்பிதான் கடையிலிருந்து டீசல் இன்ஜினைத் தூக்கிவந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தெருத்தெருவாகத் தண்ணீரை இறைத்தான். இருமிக்கொண்டே இறைத்தான். "அடுத்த எலெக்‌ஷன் வரைக்கும் நீயே பாத்துக்கப்பா" என்றார்கள். சங்கத்துப் பலகையில் அவன் பெயருக்கு மேலே தற்காலிகத் தலைவர் என்று எழுதினார்கள். பிறகு ஒரு பொங்கலுக்குப் பலகைக்குப் புது பெயின்ட் அடித்தபோது தற்காலிகம் என்பதை மட்டும் காணோம். யாரும் கேட்கவில்லை. நானும் அதைப் பார்த்துப் பெருமைதான் பட்டேன். பேத்தியை விட்டு இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

அவன் கை சுத்தம். அதை அவனைத் திட்டினவர்களே சொல்வார்கள். ஆனால் எதையும் யாரையும் கேட்க மாட்டான். அவன் விடிவதற்கு முன் எழுகிறவன், அதனால் மோட்டாரையும் அப்போதே போடுவான். எதிர்வீட்டில் ஒரு நர்ஸ் இருந்தாள். நைட் டூட்டி முடிந்து அவள் வந்து சேர்வதற்குள் தண்ணீர் நின்றுவிடும். ஒரு நாள் காலிக் குடத்தோடு அவன் வாசலில் நின்று கேட்டாள். நான் அன்றைக்கு அங்கே இருந்தேன்.

"எந்நேரம் தண்ணி விடணும்னு எங்கள ஒரு வார்த்த கேக்கக் கூடாதாண்ணே?"

"மோட்டார் எரிஞ்சா நீயாம்மா வந்து காயில் கட்டுவ?"

"கட்டத் தெரியாதுதான். ஓட்டுப் போடத் தெரியும். எலெக்‌ஷன் வைங்க."

எலெக்‌ஷன் என்று சொன்னால் போதும், அவனுக்குப் பஞ்சாங்கம் ஞாபகம் வந்துவிடும். ஆடியில் நல்ல காரியம் வேண்டாம். ஐப்பசியில் மழை. மார்கழியில் ஆருத்ரா தரிசனம், வீட்டுக்கு வீடு விருந்தாளி. தையில் பொங்கல். மாசியில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. சித்திரை வெயிலில் யார் வந்து உட்காருவார்கள்? என் மாப்பிள்ளை ஒரு தடவை எல்லார் எதிரிலும் கேட்டுவிட்டார்.

"ஏன் மாமா, வருசத்துல ஒரு மாசம்கூடவா ஒதவாது? வேணும்னா நாங்க புதுசா ஒண்ணு செஞ்சு தரட்டா?"

எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். எலெக்‌ஷன் மட்டும் வரவில்லை.

போகப்போகச் சிரிப்பு குறைந்தது. கூட்டத்துக்கு ஆள் வருவது நின்றது. பலகையில் அவன் பெயர் மேல் யாரோ சாணியை அடித்திருந்தார்கள். என் மகள் யாருக்கும் தெரியாமல் கழுவிவிட்டு வந்து என்னிடம் அழுதாள். "அம்மா, மாமா வேற யார் பேச்சும் கேக்க மாட்டாங்க. நீ சொன்னா கேப்பாங்க" என்றாள். மாப்பிள்ளையும் அதையே சொன்னார்.

சொல்லத்தான் போனேன். தம்பி என்னைக் கண்டதும் மார்க்கெட்டுக்கு ஓடி வஞ்சிர மீன் வாங்கிவந்தான். தன் கையால் முள் எடுத்து என் இலையில் வைத்தான். "அக்கா, ஒனக்கு சுகர் ஜாஸ்தியாமே, மாத்திர போடுறியா?" என்று கேட்டான். அந்த நேரத்தில் நான் எப்படிச் சொல்வேன்? சாப்பிட்டேன், படுத்தேன், சாயங்காலம் திரும்பி வந்துவிட்டேன்.

வந்து மாப்பிள்ளையிடம் நான்தான் யோசனை சொன்னேன். "மரியாதயா அனுப்பி வைங்க மாப்பிள்ள. மால போடுங்க, சால்வ போடுங்க, இவ்ளோ நாளு ஒழச்சீங்கன்னு ரெண்டு வார்த்த பேசுங்க. அவனே புரிஞ்சிக்குவான்." வேலையை விட்டுப் போகிறவருக்கு அப்படித்தானே செய்வார்கள்? எல்லாருக்கும் அது பிடித்துப்போனது. முகத்துக்கு நேரே சொல்ல வேண்டிய வேலை யாருக்கும் இல்லை பாருங்கள்.

பிள்ளையார் கோயில் எதிரே சாமியானா போட்டு, மைக் வைத்து, விழா நடந்தது. வராமல் இருந்தவர்கள் எல்லாம் வந்தார்கள். நர்ஸ்கூட அவன் வெள்ளத்தில் தண்ணீர் இறைத்ததைப் பற்றி உருகிப் பேசினாள். மாப்பிள்ளை சிவப்புச் சால்வையைப் போட்டார். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தான்.

"நீங்க என்மேல கோவமா இருக்கீங்கன்னு நெனச்சேன். இவ்ளோ பாசம் வெச்சிருக்கீங்க. இனிமே எதுக்கு எலெக்‌ஷன்? உசுரு இருக்குற வரைக்கும் நானே பாத்துக்கறேன்."

ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. அழுகிற மனிதன் எதிரே என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு பேர் கை தட்டினார்கள். பின்வரிசையில் யாரோ, "செத்தோம் போ, நாமளே பட்டம் கட்டிட்டோம்" என்றார்கள். குபீரென்று சிரிப்பு. அவன் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல், தானும் சிரித்துக்கொண்டு நின்றான். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. எழுந்து போய் மைக்கை வாங்கிவிட்டேன்.

"தம்பி, அது நீ இருக்கறதுக்குப் போட்ட சால்வ இல்லடா. போறதுக்குப் போட்டது. எறங்கிக்கடா. ஜனங்கள ஒரு வார்த்த கேளு."

நான் சொன்னது ஸ்பீக்கரில் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. அவன் என்னைப் பார்த்தான். பிறகு சால்வையை எடுத்தான், நாலாக மடித்து நாற்காலியில் வைத்தான், இடுப்பிலிருந்து மோட்டார் ரூம் சாவியை எடுத்து அதன்மேல் வைத்தான். செருப்புப் போடாமலே நடந்து போனான்.

அந்த மாதமே எலெக்‌ஷன் வைத்தார்கள். தம்பி ஓட்டுப் போடவும் வரவில்லை. நர்ஸ் ஜெயித்தாள். ஜெயித்த கையோடு என்னிடம் வந்து சொன்னாள்: "அம்மா, அண்ணன் நின்னிருந்தா நான் நின்னிருக்கவே மாட்டேன். எங்க வீட்டு ஓட்டெல்லாம் அவருக்குத்தான். ஒரு வார்த்த எங்கள கேட்டிருந்தா போதும்." அவள் மட்டும் இல்லை, தெருவில் பலரும் இதைத்தான் சொன்னார்கள். ஜெயித்திருக்க வேண்டியவன் ஓட்டுக்குப் பயந்து உட்கார்ந்திருந்தான் என்பதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

வருடா வருடம் கரும்பும் மஞ்சள் கொத்தும் பச்சரிசியுமாகப் பொங்கல் வரிசையை அவனே செம்மண்டலத்துக்குக் கொண்டுவருவான். அந்த விழாவுக்கப்புறம் அவன் மகன்தான் வருகிறான். "அப்பாக்குக் கடையில வேல, அத்த" என்பான். வரிசையில் குறை ஒன்றும் இல்லை. போன மாதம் சிதம்பரத்தில் அவன் கடை வழியாக நடந்து போனேன். குனிந்து காயில் கட்டிக்கொண்டிருந்தான். தலை நரைத்துவிட்டது. நான் கூப்பிடவில்லை. என்னைப் பார்த்தும் குனிந்திருந்தானோ என்னவோ. இரண்டு பேருக்கும் ஒரே திமிர். நான் வளர்த்ததுதானே.

இறங்கு என்று சொன்னதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன், இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். சொன்ன இடம்தான் தப்பு. மீன் முள் எடுத்து வைத்தானே, அப்போது அவன் வீட்டில், அவன் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொல்லியிருக்க வேண்டிய பேச்சு அது.

பாப்பா, எழுதினது போதும். விழா நடந்த இடத்திலிருந்து எனக்குப் படித்துக் காட்டு. நான் மைக்கில் சொன்னதை மட்டும் சத்தமாகப் படி. அன்றைக்கு அங்கே நின்றவனுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நானும் ஒரு தரம் கேட்கிறேன்.