மூன்றாம் லைன் சுவிட்ச்

வீரபாண்டியில் நான் எலக்ட்ரீஷியனாக இருந்த பனியன் கம்பெனியில் தையல் லைன் ஏழு. மெஷின் மக்கர் செய்தால் லைனில் முன்னால் உட்கார்ந்திருக்கும் டெய்லர் சுவிட்சைப் போடுவார். மெக்கானிக் அறையில் அந்த லைன் நம்பர் எரியும். அந்த ஏற்பாட்டைச் செய்தவன் நான். மற்றவன் ஏழு ஒயர் இழுப்பான், நான் மூன்றில் முடித்தேன் என்று பேக்கரிக் கடை வரை பீற்றிக்கொண்டேன்.

விஷயம் சுலபம்தான். ஒரு ஒயருக்கு மதிப்பு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு. ஐந்தாம் லைன் கூப்பிட்டால் ஒன்றிலும் நான்கிலும் கரண்ட் வரும். மூன்றாம் லைன் என்றால் ஒன்றிலும் இரண்டிலும். இப்படிச் சுருக்கி அனுப்புவதற்கு என்கோடர் என்று பெயர். டிப்ளமோவில் படித்தது. ஒரு சமயத்தில் ஒருவர்தான் கூப்பிட வேண்டும் என்பதும் அதே பாடத்தில்தான் இருந்தது. அதைக் கோட்டை விட்டேன்.

தினமும் நாலைந்து தடவை மூன்று எரிந்தது. மெக்கானிக் போய்ப் பார்த்தால் அங்கே சுவிட்ச் அணைந்திருக்கும். முன்னால் உட்கார்ந்திருந்தவள் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண்.

"நான் தொடவே இல்ல சார். தொட்டா சொல்லிருவேம்லா," என்றாள்.

"சும்மா இருக்கோணும்னா ஊட்டுலயே இருந்துக்கலாமுங்களே அம்மிணி," என்றேன், லைன் முழுக்கக் கேட்கும்படி. 'ங்க' போட்டே ஒருத்தியைக் கூனிக் குறுக வைக்க எனக்குத் தெரிந்திருந்தது. முதலாளி அந்தச் சனிக்கிழமை மதியமே அவளை மெஷினிலிருந்து எழுப்பி, டெய்லர்களுக்குத் துணி எடுத்துக் கொடுக்கும் கைமடி வேலைக்கு மாற்றினார்.

சாயங்காலம் அவள் இடம் காலியாகக் கிடந்தது. மூன்று எரிந்தது. ஓடிப் போய்ப் பார்த்தேன். பழைய மெஷின்கள் ஓடும் முதல் லைனிலும் இரண்டாம் லைனிலும் ஒரே சமயத்தில் சுவிட்ச் போட்டிருந்தார்கள். ஒன்றும் இரண்டும் சேர்ந்து மூன்றாகத்தான் போயிருக்கிறது, இத்தனை நாளும்.

ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்து, இரண்டு பேர் கூப்பிட்டால் பெரிய நம்பரை மட்டும் காட்டுகிற ஐ.சி.யை மாட்டினேன். திங்கட்கிழமை முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அன்று ஒருமுறைகூட மூன்று பொய்யாக எரியவில்லை.

"பாத்தியா கண்ணு, அந்தப் புள்ளைய மாத்துனதும் சரியாப் போச்சு," என்றார் முதலாளி.

அவள் துணிக்கட்டோடு பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க," என்றேன்.