மூன்று தோல் துண்டுகள்

கத்திக்காரரிடம் கத்திகள் மூன்று. எலும்புக்கு ஒன்று, சதைக்கு ஒன்று, டால்பினுக்கு ஒன்று. முதல் இரண்டும் அவருடைய இறைச்சிக் கடையில் தொங்கும். மூன்றாவது, சாக்கில் சுற்றி ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் கிடக்கும். கரையில் ஏதோ செத்து ஒதுங்கியிருப்பதாகப் போன் வந்தால் பாதி வெட்டிய தொடையைக் குளிர்பெட்டிக்குள் தள்ளி, ஷட்டரை இழுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள்.

"உங்களுக்கு நாளைக்கும் வெட்டலாம். அது அழுகிடும்" என்பார்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மதியம், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் கடைக்கு வந்து, இருப்பதிலேயே பெரிய கத்தியை இரவல் கேட்டார். கடல் பாலூட்டிகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் புதிதாக வந்த கால்நடை மருத்துவர். கரையில் இரண்டரை மீட்டர் டால்பின் கிடந்தது; அவர் கையில் இருந்ததோ விரல் நீளக் கத்தி.

"கத்தியக் குடுத்துடலாம். பிடிக்கத் தெரியுமா?"

"தெரியாது. நீங்களே வாங்களேன்."

போனார். துடுப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு கை இருந்தது. மணிக்கட்டு, விரல் எலும்புகள், எல்லாம். கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று பிடித்த பைத்தியம்தான். இதுவரை அறுபத்து மூன்று டால்பின், நான்கு திமிங்கிலம், ஒரு கடற்பசு. எதனால் இறந்தன என்று கண்டுபிடித்து எழுதுவது டாக்டரம்மா. அந்தக் காரணம் ஒளிந்திருக்கும் இடம்வரை வழி வெட்டிக் கொடுப்பது கத்திக்காரர்.

வீட்டில் சட்டம் கடுமை. பின்வாசலில் ஒரு வாளித் தண்ணீர், சோப்பு, மாற்றுத் துணி. "அந்தச் சட்டையோட உள்ள கால வச்சீங்க, உங்க அறுப்புக் கொட்டகையிலயே படுத்துக்க வேண்டியதுதான்" என்பாள் மனைவி. ஆனால் பக்கத்து வீட்டுக்காரி மூக்கைப் பொத்தினால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "இவர் போகலன்னா அந்த ஆபீஸ்ல ஒரு வயித்தத் திறக்க ஆள் இருக்கா? கேட்டுப் பாரேன்."

போன வருடம் ஒரே மாதத்தில் மூன்று டால்பின்கள் ஒதுங்கின. மூன்றுக்கும் வாலின் அடிப்பகுதியைச் சுற்றி ஒரு தடம். டாக்டரம்மாவின் ஆய்வு முடியும் முன்பே, வலை இறுக்கிய தடம் என்று அலுவலகத்தின் மேலதிகாரி அறிக்கை எழுதிவிட்டார். படங்களோடு செய்தித்தாளிலும் வந்துவிட்டது. வளைகுடா முழுக்க ஒரு வருடம் வலை போடக் கூடாது என்று தடை வரப்போவதாகப் பேச்சு. வெள்ளிக்கிழமை துறைமுக மண்டபத்தில் கூட்டம், முடிவும் அன்றைக்கே. அங்கே வலை போடுகிற நாற்பது படகுகளில் ஒன்று கத்திக்காரரின் மைத்துனனுடையது.

புதன்கிழமை அவன் கடைக்கு வந்தான். "மாமா, மூணும் கரைக்கு இழுக்கும்போது விழுந்த தடம்னு ஒரு வார்த்த சொல்லுங்க. உங்க பேச்சுக்கு அங்க மதிப்பு இருக்கு."

"இருக்கறதே நான் அப்படியெல்லாம் சொல்லாததாலதான் மாப்ள."

அவன் செய்தித்தாளைக் கல்லாமேல் வீசிவிட்டுப் போனான். எடுத்து மடிக்கப் போனவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்றாவது படத்தில் இருந்த தடம் மற்ற இரண்டைவிட அகலமாக இருந்தது. அது அவரே போட்ட தடம்.

அது ஒதுங்கிய அன்றைக்கு டாக்டரம்மா இன்னும் வந்து சேரவில்லை. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. விட்டால் கடல் திரும்ப இழுத்துக்கொள்ளும் என்ற அவசரத்தில் வாலில் கயிறு கட்டி டிராக்டரால் இழுத்துவிட்டார். 'முதலில் படம், பிறகு கயிறு' என்று அறுப்புக் கொட்டகைச் சுவரில் கொட்டை எழுத்தில் பெயின்ட் அடித்ததே அவர்தான். படமும் எடுக்கவில்லை, கயிறு கட்டியதை டாக்டரம்மாவிடம் சொல்லவும் மறந்துபோனார்.

இப்போது சொன்னால்? மைத்துனனைக் காப்பாற்றக் கயிறு திரிக்கிறான் என்பார்கள். இத்தனை வருடப் பெயர் ஒரே நாளில் போய்விடும். சொல்லாமல் விட்டால் பொய் ஒன்று அறிக்கையில் ஏறிக்கொள்ளும்.

போனை எடுத்தார். "டாக்டரம்மா, ஒரு தப்பு பண்ணிட்டேன்."

டாக்டரம்மா முழுதும் கேட்டு முடித்தார். பிறகு, "தோல் துண்டு எடுத்தீங்களே, இருக்கா?"

"மூணும் இருக்கு."

எந்தத் தடம் இருந்தாலும் அந்த இடத்தில் தோலும் கொழுப்புமாக உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, சீட்டு ஒட்டி உறைபெட்டியில் போடுவது அவர் வழக்கம். ஆய்வுக்கூடத்துக்குப் போகும்வரை அங்கேயே இருக்கும்.

வெள்ளிக்கிழமை மண்டபம் பிதுங்கியது. கத்திக்காரர் ஒரு வெள்ளைத் தட்டோடு மேடைக்குப் போனபோது பின்வரிசையில் ஒருவன், "கறி கிலோ எவ்வளவு?" என்றான். சிரிப்பு அடங்கும்வரை நின்றார்.

"மூணு டால்பினோட தோலும் இதுல இருக்கு. எது எதுன்னு எனக்கே தெரியாது, உறைஞ்சு சுருங்கினதுல தடம் எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு. டாக்டரம்மா சீட்டப் பிரிச்சிட்டு மாத்தி வச்சிருக்காங்க. மாப்ள, எழுந்து வா."

மைத்துனன் தயங்கித் தயங்கி வந்தான். "நானா?"

"நீதான். உசுரோட இருக்கறவனுக்கு அடிபட்டா என்ன ஆகும்?"

"கன்னிப்போகும்."

"செத்தவன அடிச்சா?"

"என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. ரத்தம் ஓடினாத்தான கன்னும்."

"இப்ப பாத்து நீயே சொல்லு."

கத்தி மூன்று முறை இறங்கியது. தடத்துக்குக் குறுக்கே சீராக, ஒரே இழுப்பில். டாக்டரம்மா போன் கேமராவை மேலே பிடிக்க, திரையில் மூன்று துண்டுகளும் கதவு அளவுக்குத் தெரிந்தன. முதல் துண்டின் உள்பக்கம் பால்போல வெள்ளை. மற்ற இரண்டிலும் தடத்துக்குக் கீழே கறுப்புத் திராட்சை நிறத்தில் ரத்தம் உறைந்திருந்தது.

மைத்துனன் முதல் துண்டைக் காட்டினான். "இது செத்த பிறகு விழுந்த தடம்." கைதட்டல் எழுந்தது. மற்ற இரண்டையும் பார்த்தான். விரலை அவற்றின் பக்கம் நகர்த்தினான்.

"டேய், சொல்லித் தொலைக்காத!" என்று அவன் கூட்டாளிகளில் ஒருவர் கத்தினார்.

"உனக்கும் கண்ணு இருக்கில்ல? திரையப் பாரு. இது ரெண்டும் உசுரோட மாட்டினது. நம்ம வலையிலதான்."

டாக்டரம்மா சீட்டுகளைப் படித்தார். வெள்ளைத் துண்டு மூன்றாவது டால்பினுடையது.

"அந்தத் தடம் நான் போட்டது" என்றார் கத்திக்காரர். "படம் எடுக்காம கயிறு கட்டிட்டேன்."

மேலதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அன்னைக்கே ஏன் சொல்லல?"

"மறந்துட்டேன். தப்பு என்னோடது. என் பேரு போட்டே எழுதிக்கங்க."

அப்படியானால் அது எதனால் செத்தது? டாக்டரம்மா அடுத்த படத்தைப் போட்டார். முதுகில் தோலுக்கு அடியில் தட்டு அகலத்துக்கு ரத்தக்கட்டு, கீழே முறிந்த விலா. வேகமாக வந்த படகு மோதியிருக்கிறது. அதுவரை கால்மேல் கால் போட்டு வேடிக்கை பார்த்த உல்லாசப் படகுக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஒரு வருடத் தடை கைவிடப்பட்டது. டால்பின்கள் குட்டிகளோடு திரியும் வளைகுடா முகத்தில் மட்டும் மூன்று மாதம் வலை கூடாது. அதே இடத்தில் எந்தப் படகும் மெதுவாகத்தான் போக வேண்டும். கத்திக்காரர் வெளியே வந்தபோது வலைக்காரர்களும் திட்டினார்கள், உல்லாசப் படகுக்காரர்களும் திட்டினார்கள்.

"ரெண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கிட்டேன்" என்றார் டாக்டரம்மாவிடம்.

"திட்டட்டும். பொய்யின்னு ஒருத்தராவது சொன்னாங்களா, பாத்தீங்களா?"

அன்று மாலை வாளித் தண்ணீர் சுடுதண்ணீராக இருந்தது. மனைவியிடம் ஏன் என்று கேட்டபோது, "குளிக்கற ஆளு குளிங்க" என்று மட்டும் சொன்னாள்.

மைத்துனன் இரண்டு மாதம் கடைப்பக்கமே வரவில்லை. ஒரு சனிக்கிழமைக் காலை, கூட்டம் அலைமோதும் நேரத்தில் போன் அடித்தது.

"மாமா, தெற்குப் பாறைகிட்ட ஒண்ணு ஒதுங்கியிருக்கு. தண்ணி ஏறுது. ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்துட்டேன், வாலத் தனியா எடுத்துட்டேன். கயிறு இன்னும் கட்டல."

"தடம் இருக்கா?"

"இருக்கு. எங்க வலை மாதிரிதான் தெரியுது. வந்து வெட்டிப் பாருங்க."

கத்திக்காரர் கையைக் கழுவினார். ஷட்டர் பாதி இறங்கியதுமே வரிசை கூச்சல் போட்டது.

"என் மச்சினன் கூப்பிடறான்" என்றார், தெருவுக்கே கேட்கும்படி.