ஒளி குவியாத ஏழு மாதம்

டென்மார்க்கின் ஓடன்ஸே நகரில் எங்கள் ஆய்வகத்தின் தூசியில்லா அறையில் இருபத்திரண்டு வருடமாக உலோகத்தை ஆவியாக்கிப் படியவைத்துக்கொண்டிருந்தவள் வீபெக்கெ. வயது ஐம்பத்தெட்டு. இரண்டு முழங்காலும் போய்விட்டன.

அந்த வருடம் ஆய்வு மாணவன் ஆஸ்கெருக்காக ஓர் ஆடி செய்தாள். வளைவே இல்லாத தட்டை ஆடி. தங்கப் பரப்பின் மேல் மெல்லிய கண்ணாடிப் படலம். அதன் மேல் மயிரிழையில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தங்கக் கட்டிகள், லட்சக்கணக்கில், ஒன்றுக்கொன்று கொஞ்சம் அளவு மாறி. படும் ஒளியை அது குழியாடி போலத் திருப்பி ஒரே புள்ளியில் சேர்க்க வேண்டும். சேர்க்கவில்லை. ஏழு மாதத்தில் இப்படிப் பதினோரு ஆடிச் சில்லுகள் செய்தாயிற்று. திரையில் ஒவ்வொரு முறையும் மங்கலான மூட்டம்தான்.

"கணக்குல தப்பே இல்ல. நாலு தடவ பாத்துட்டேன்" என்றான் ஆஸ்கெர். முனைவர் பட்டத்துக்கு அவனுக்கு அது கடைசி வருடம்.

"அப்ப இயற்கைதான் தப்பு பண்ணுது போல" என்றாள் குழுத்தலைவி கியர்ஸ்டன். இன்னும் ஒரே ஒரு சில்லு, அதற்குப் பிறகு இந்த வடிவமைப்பை விட்டுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

நவம்பரில் வேறு வேலைக்காக எந்திரத்தில் படலத்தின் கனத்தைக் காட்டும் மானியைச் சோதித்தபோதுதான் வீபெக்கெவுக்குத் தெரிந்தது. தங்கக் கட்டிகள் ஒட்டி நிற்க அடியில் டைட்டானியம் பூசுவோம். மானி மூன்று நானோமீட்டர் என்று காட்டியது; உண்மையில் ஒன்பது இருந்தது. அந்த உலோகம் தடிமன் கூடினால் ஒளியைத் தின்றுவிடும். மார்ச்சிலேயே மண்டியிட்டுச் செய்திருக்க வேண்டிய சோதனை. முடியாமல், செய்ததாகக் குறியிட்டிருந்தாள்.

மதியம் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிக்காமலே, அதே அறையில் வேலை செய்யும் என்னிடம் சொன்னாள்.

"சத்தமில்லாம திருத்திட்டா அடுத்த சில்லு தானா சரியாயிடும். அதிர்ஷ்டம்னு நெனச்சுப்பாங்க."

"அப்ப திருத்திட வேண்டியதுதானே?"

"அலுத்துப்போச்சு. இதையும் சேத்துச் சுமக்க முடியாது என்னால."

எழுந்து போய் இருவரிடமும் சொன்னாள். கியர்ஸ்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ஆஸ்கெரின் முகம் வெளுத்தது.

"ஏழு மாசம், வீபெக்கெ! என் மூளைதான் மட்டம்னு நம்பிட்டேன். ராஜினாமா கடிதம்கூட எழுதி வச்சிருக்கேன், தெரியுமா?"

"தெரியாது. மன்னிச்சுடு."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன சொல்லட்டும்? அழுதா மாசம் திரும்பி வருமா?"

அவன் கதவை மெதுவாகத்தான் சாத்திவிட்டுப் போனான். அறைந்து சாத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு வாரத்தில் பன்னிரண்டாவது சில்லு வந்தது. திரையில் மூட்டம் சுருங்கிச் சுருங்கி ஊசிமுனை வெளிச்சமாக நின்றது. கியர்ஸ்டன் கைதட்டினாள். ஆஸ்கெர் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"டைட்டானியம் எவ்வளவு?"

"ரெண்டே முக்கால்."

"பழைய பதினொண்ணையும் அளந்து குடு. கனம் கூடினா ஒளி எப்படிச் சாகுதுன்னு ஒரு அத்தியாயம் எழுதறேன்."

அளந்து கொடுத்தாள், ஒன்பது நாள் ஆயிற்று. ஜனவரியில் குனிந்து செய்யும் வேலைகளை என்னிடம் ஒப்படைத்துவிட்டு அரை நேர வேலைக்கு மாறிக்கொண்டாள். ஆஸ்கெர் அவளிடம் வேலைப் பேச்சு மட்டும் பேசுவான், மரியாதையாக. அதற்கு மேல் அவளும் எதிர்பார்க்கவில்லை.