மூன்றரை மணி மேனேஜர்

"இரவு நேர ஒலித் தொல்லைகளின் மூலகாரணத்தை நடுநிலையோடு ஆராய்ந்து நீக்குவதில் இருபத்திரண்டு ஆண்டு அனுபவம் மிக்க முதுநிலைக் கள அலுவலர்" என்று நகராட்சியின் பணிக் குறிப்பேடு அவரைப் பற்றிச் சொல்கிறது. இதில் இருபத்திரண்டு ஆண்டு என்பது சரி.

அலுவலகத்தில் அவருக்கு டெசிபல் அக்கா என்று பெயர். சத்தத்தை அளக்கும் கருவியோடு அவர் படியேறி வந்தாலே அச்சகங்கள் இரவு ஓட்டத்தை நிறுத்தின. உணவகங்களின் புகை விசிறிகள் குரலைத் தாழ்த்திக்கொண்டன. மொட்டை மாடியில் டிரம் பழகிய கல்லூரி மாணவர் ஒருவர் புல்லாங்குழலுக்கு மாறிவிட்டார். வீட்டில் மட்டும் நான்கு கிலோ எடையுள்ள ஒரு பூனை அவருக்கு அடங்கவில்லை.

பூனையின் பெயர் மேனேஜர். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் கணவர் வைத்த பெயர் அது. "ஒரு வேலையும் செய்யாது. ஆனா நாம செய்யறதைப் பார்த்துக்கிட்டே இருக்கும்" என்பது அவர் சொன்ன காரணம். பகலெல்லாம் தையல் மெஷின் மூடியின் மேல் தூங்கும் மேனேஜர், அதிகாலை மூன்றரைக்குப் பணியில் சேரும். சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு தாவல், கூடத்தின் நீளத்துக்கு இரண்டு ஓட்டம். அப்புறம் ஏதாவது டப்பா மூடியைத் தட்டிவிட்டு, அது சுழன்று அடங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து ரசிக்கும். கடைசியாகப் படுக்கையறை வாசலில் நின்று, யாரோ சொத்தைப் பிடுங்கிக்கொண்டதுபோல ஓர் ஓலம்.

கணவருக்கு இது எதுவும் கேட்பதில்லை. காது நன்றாகவே கேட்கும். தூக்கம் அதைவிட நன்றாக வரும்.

கேட்டது கீழ்வீட்டில் குடியிருக்கும் பஸ் டிரைவருக்கு. ஊரின் முதல் பஸ் அவருடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலிலேயே நின்றார்.

"அக்கா, தப்பா நெனைச்சுக்காதீங்க. மேல ராத்திரியில யாரு ஓடறது?"

"பூனை, தம்பி."

"ஒண்ணா?"

"ஒண்ணுதான்."

"நாலு குதிரைன்னு நெனைச்சேன்." கொஞ்சம் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "மூணரைக்கு முழிச்சா அப்புறம் தூக்கம் வரமாட்டேங்குது. போன வாரம் சிக்னல்ல கண்ணு சொக்கிடுச்சு. பின்னாடி லாரிக்காரர் ஹாரன் அடிச்சுதான் முழிச்சேன். வண்டியில முப்பது பேர். டிப்போல எச்சரிக்கை குடுத்துட்டாங்க. இன்னொரு தடவைன்னா வண்டிய வாங்கிக்குவாங்க. புகார் குடுக்கலாம்னா உங்க ஆபீஸ்லதான் குடுக்கணும். குடுத்தா அளக்க வர்றதும் நீங்கதான்."

"நான்தான் வருவேன்" என்று டெசிபல் அக்காவும் ஒப்புக்கொண்டார். "இந்த மாசக் கடைசிக்குள்ள நிறுத்தறேன். முடியலேன்னா பூனையை வேற வீட்டுக்கு அனுப்பிடறேன்."

உள்ளேயிருந்து கணவரின் குரல் வந்தது. "யாரை அனுப்பறது?" இதற்கு மட்டும் தூக்கம் குறுக்கே நிற்கவில்லை.

மாதக் கடைசிக்குப் பதினெட்டு நாள் இருந்தது. டெசிபல் அக்கா தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். டப்பா மூடிகளை அலமாரியில் பூட்டினார். கூடத்தில் தடித்த விரிப்பு போட்டார். கருவியை மூன்று கால் ஸ்டாண்டில் பொருத்திக் கட்டிலருகே வைத்தார். அலுவலகப் படிவம் ஒன்றையும் பக்கத்தில் வைத்தார். ஓலம் கேட்டதும் எழுந்து, விளக்கைப் போட்டு, விதிப்படி ஒரு மீட்டர் தள்ளி ஸ்டாண்டை நிறுத்தி அளவெடுப்பார். சத்தம் நிற்கும்வரை அலுவலர் இடத்தைவிட்டு அகலக்கூடாது என்பதும் விதி. அவரே வற்புறுத்திக் கொண்டுவந்த விதி. ஆகவே, நிற்பதற்காக ஒரு கை மீன் பிஸ்கெட் போடுவார். நிற்கும். நேரத்தை எழுதிவிட்டுப் படுப்பார்.

எட்டு இரவுகளில் ஓட்டம் குறைந்தது, உருட்டல் ஒழிந்தது. ஓலம் மட்டும் விதி அனுமதிக்கும் அளவைவிடப் பதினொரு டெசிபல் மேலே போயிற்று. "அச்சகத்தைவிட ரெண்டு ஜாஸ்தி" என்று காலையில் சொன்னபோது, அவர் குரலில் கவலையோடு கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது.

ஒன்பதாம் நாள் காலை கணவர் அந்தப் படிவத்தைக் கையில் எடுத்தார். கண் பரிசோதனைப் பலகையின் கடைசி வரியை எல்லோரையும் படிக்கவைப்பது அவர் தொழில். தன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"மொத நாள் மூணரை. அப்புறம் மூணு இருபது, மூணு அஞ்சு. நேத்து ரெண்டு நாப்பது. தினம் முன்னாடி வருதே. ரெண்டாவது கட்டம் என்ன?"

"அலுவலர் வந்து சேர்ந்த நேரம்."

"கடைசி?"

"சத்தம் நின்ன நேரம்."

"நீ வந்து சேர்ந்த மூணாவது நிமிஷம் நின்னுடுது. எல்லா நாளும். அந்த மூணு நிமிஷத்துல என்ன பண்றே?"

"அளப்பேன்."

"அப்புறம்?"

"பிஸ்கெட் போடுவேன். இல்லேன்னா நிக்காதுங்க."

கணவர் தையல் மெஷின் மேல் சுருண்டிருந்த மேனேஜரை மரியாதையோடு பார்த்தார். "கூப்பிட்டா மேடம் வர்றாங்க. விளக்கு போடறாங்க. மூணு கால் ஸ்டாண்டு வெச்சு மரியாதை பண்றாங்க. சாப்பாடும் போடறாங்க. நானா இருந்தா ஒரு மணிக்கே கூப்பிட்டிருப்பேன்."

டெசிபல் அக்கா படிவத்தை வாங்கிக்கொண்டார். படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில் 'பூனை' என்று எழுதியிருந்தார். அதை அடித்தார். வேறொன்று எழுதப் பேனாவை வைத்தவர், எழுதாமலே மூடிவிட்டார்.

அன்று மாலை கீழே இறங்கிப் போனார்.

"தம்பி, சத்தம் கொறையணும்னா மொதல்ல ஏறணும்."

"இது ஆபீஸ் பேச்சா அக்கா?"

"வீட்டுப் பேச்சுதான். தப்பு என்மேல. நான் எழுந்து போய்ப் போய் அதுக்குப் பழக்கம் பண்ணிட்டேன். இனிமே படுக்கறதுக்கு முன்னாடி விளையாடவிட்டு, வயிறாரச் சாப்பாடு போட்டுடுவேன். ராத்திரி எழுந்திரிக்க மாட்டேன். ஆனா நாலு நாளாவது கத்தும். இதுவரைக்கும் கத்தினது ஒத்திகைன்னு வெச்சுக்குங்க."

டிரைவர் மேல் கூரையைப் பார்த்து யோசித்தார். "நாலு நாள் லீவு மிச்சம் இருக்கு. மாமனார் வீட்டுக்குப் போயிடறேன். அங்க பூனை கெடையாது. மச்சான் குறட்டைதான்."

அவர் கிளம்பிய அன்றே ஆரம்பமானது. இரவு பத்து மணிக்கு ஒரு குச்சியில் நாடாவைக் கட்டி, டெசிபல் அக்கா கூடம் முழுக்க இழுத்துக்கொண்டு நடந்தார். மேனேஜர் துரத்தியது, பாய்ந்தது, மூச்சு வாங்கியது. பிறகு நாளின் பெரிய சாப்பாடு. பிறகு படுக்கையறைக் கதவு சாத்தப்பட்டது.

முதல் இரவு ஐம்பது நிமிடம் கத்தியது. இதில் யாரும் எதிர்பாராதது, இருபத்தைந்து ஆண்டுகளாக இரவில் எதற்கும் விழிக்காத கணவர் விழித்துக்கொண்டதுதான்.

"பாவமா இருக்குடி. ஒரே ஒரு பிஸ்கெட்."

"பேசாம படுங்க."

"நான் போடறேன். நீ போட்டதா ஆகாது."

டெசிபல் அக்கா கணவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இரண்டாம் இரவு எழுபது நிமிடம். மூன்றாம் இரவு பன்னிரண்டு. நான்காம் இரவு மேனேஜர் வாசல்வரை வந்து, ஏதோ சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போயிற்று. மறுநாள் டிரைவர் ஊரிலிருந்து வந்து, ஒன்பது மணிக்குப் படுத்து, அலாரம் அடித்து எழுந்தார். முதல் பஸ் இன்றும் அவருடையதுதான்.

அந்த நான்கு இரவுகளும், சத்தம் நிற்கும்வரை, டெசிபல் அக்கா கட்டிலைவிட்டு இறங்கவில்லை.